கடல் ஏறும் நேரம்

பிரிக்பீல்ட்ஸில் இக்னேஷியஸ் கிள்ளான் ஆற்றைப் பற்றி வாயைத் திறந்தால், எதிரே நிற்பவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். மலையிலிருந்து மலாக்கா நீரிணை வரை நூற்றிருபது கிலோமீட்டராம். கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில்தான் கோலாலம்பூரே முளைத்ததாம். ஈயம் தேடிப் படகில் வந்த எண்பத்தேழு பேரில் ஒரு மாதத்தில் பதினெட்டுப் பேர்தான் மிஞ்சினார்களாம். 1926 வெள்ளத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் ஆற்றையே நிமிர்த்தி வைத்தானாம். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இவ்வளவு ஆற்று ஞானம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் இன்னொரு பஸ்ஸும் போய்விடும்.

அவர் சொன்னதையெல்லாம் நம்பியவள் தங்கை லூசி ஒருத்திதான். கிள்ளானில், ஆற்றோரத் தாமான் குடியிருப்பில், கணவன் போனபின் தனியாக இருக்கிறாள்.

2021 டிசம்பரில், மழை விடாமல் கொட்டிய அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் போன் செய்தாள்.

"அண்ணே, வாசல்ல லோங்காங்கு, கால்வா, நெறஞ்சிடுச்சு. அவரு சாமானெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில வச்சிரவா? பயமா இருக்கு."

"சும்மா இரு லா. கடல் உனக்குப் பக்கத்துல இருக்கு. வர்ற தண்ணி நேரா அதுல எறங்கிடும்."

கடல் ஏறும் நேரத்தில் ஆறு இறங்க இடமின்றிப் பின்வாங்கும் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான். அன்று கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்க்கத்தான் தோன்றவில்லை. சாயங்காலம் தண்ணீர் இடுப்பளவு வந்தது. லூசி சமையல் மேசை மேல் இரவெல்லாம் உட்கார்ந்திருந்து, மறுநாள் படகில் வெளியேறினாள். இறந்துபோன கணவனின் சட்டைகளும் கல்யாண ஆல்பமும் சேற்றோடு போயின.

அதன்பின் சண்டை ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் கேக் கூட வரும், லூசியின் மகள் ஜெரால்டின் கையில். லூசியிடமிருந்து போன் மட்டும் வருவதே இல்லை.

நான்கு வருடம் கழித்து, இந்த டிசம்பரில் மறுபடி அதே மாதிரி மழை. மன்னிப்புக் கேட்டே தீர்வது என்று இக்னேஷியஸ் ரயிலேறினார். பையில் கடல் அட்டவணை. சிவப்புப் பேனாவால் வட்டம் வேறு.

லூசி வீட்டில் அலமாரிகள் காலி. மூட்டையெல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிருந்தது.

"சாயங்காலம் ஆறு நாப்பதுக்குக் கடல் ஏறுது லூசி," என்று ஆரம்பித்தார். வாயில் வந்ததெல்லாம் ஆறுதான். "ஷா ஆலம் தாண்டினதும் ஆறு சமதரையில ஓடுது பாரு, அதனால..."

"எல்லாம் உனக்குத் தெரியும்ணே," லூசி சிரித்தாள். "பயமா இருக்குன்னு சொன்னேனே, அது மட்டும் காதுல விழல."

"தப்புதான்," என்றார். அவ்வளவு சின்னதாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"சரி விடு," என்றாள் லூசி, கதவைப் பூட்டிக்கொண்டே.

அம்மாவைக் கூட்டிப்போக சுபாங் ஜெயாவிலிருந்து ஜெரால்டின் காரோடு வந்து நின்றாள். பின்சீட்டு காலியாகத்தான் இருந்தது. லூசி முன்னால் ஏறி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"நீ ரயில்லதானே வந்த?"

"ஆமாம்மா."

"அப்ப கெளம்பு. மழை பெருசாகும்."

கண்ணாடி ஏறியது.