நறுக்கியதில் போனது

ஆஸ்பத்திரியில் அவளைக் கிருமி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளைவிட அவர்களுடைய சளியோடும் சீழோடும்தான் அவளுக்குப் பழக்கம் அதிகம். அப்படிப்பட்டவளை வானொலியில் பேசக் கூப்பிட்டதும் தலைகால் புரியவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசிப் பதிவு செய்தாள். நிகழ்ச்சி நடத்தும் பெண் அதை மூன்று நிமிடமாக நறுக்கிப் போட்டுக் காட்டினாள். தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்குமென்று டாக்டர் நினைத்ததே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஒலிபரப்பான மூன்றாம் நாள் அப்பா வீட்டுக்குப் போனாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். அட்டையை வெடுக்கென்று வாங்கிப் பெயரைப் பார்த்தாள். வேறு எந்த மருந்துக்கும் கேட்காத புண்ணுக்கென்று கடைசியாக எடுத்துவைத்திருக்கும் மாத்திரை அது. வார்டில் கிடக்கும் ஒரு தச்சரின் கால்புண் அது ஒன்றுக்குத்தான் கேட்கிறது. ஆளாளுக்கு விழுங்கினால் கிருமிகளுக்கு அதுவும் பழகிப்போகும். அப்புறம் தச்சர் போன்றவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. வானொலியில் அதன் பெயரைச் சொன்னதே அவள்தான்.

டாக்டரே என் பெண்தான் என்று சொன்னதும் மருந்துக்கடைக்காரர் சீட்டுகூடக் கேட்கவில்லையாம். அதில் அப்பாவுக்குப் பெருமை வேறு. வெறும் ஜலதோஷத்துக்கு இது எதற்கு, நிறுத்துங்கள் என்றாள்.

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நீதானேம்மா ரேடியோவுல சொன்ன?"

சொன்னது உண்மைதான். ஜலதோஷத்துக்கு இதைத் தொடவே கூடாது என்றும் சொல்லியிருந்தாள். நறுக்கியதில் போனது அது. தன் குரலில் மயங்கி அதைக் கோட்டைவிட்டதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருவழியாக அவருக்குப் புரியவைத்து நிறுத்திவிட்டாள். ஆனால் ஊரில் இன்னும் எத்தனை பேர் சமத்தாக விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ?

வானொலி நிலையத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி, நேரடி ஒலிபரப்பில் பேச நேரம் கேட்டாள். திருத்தம் வாசித்தால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், வீட்டில் நடந்ததைச் சொன்னால் கேட்பார்கள் என்றாள் நிகழ்ச்சிக்காரி. தெரு முழுக்க மகள் புகழ் பாடித் திரிந்த மனுஷனை ஊர் சிரிக்க வைப்பதா? இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு அப்பாவிடம் கேட்டேவிட்டாள்.

அவர் மீதி மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தானே வருவதாகச் சொன்னார்.

மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஜலதோஷத்துக்குப் போய் இத முழுங்கின ஆளு நான்தான். என் பொண்ணு பேச்ச நான் தட்டுறதில்ல. ஆனா அன்னிக்கு அவ சொன்னதுல பாதிதான் நம்ம காதுக்கு வந்துது. மீதிய இப்ப சொல்லுவா. முழுசா கேளுங்க."

மைக்கை அவள் பக்கம் தள்ளினார். அவளுக்குக் குரல் கரகரவென்று வந்தது. அதை அவள் சட்டை செய்யவில்லை. ஜலதோஷத்திலிருந்து ஆரம்பித்தாள்.