லாண்டரியில் இரண்டு ஸ்மால்டாக்

சின்ன மாப்பிள்ளை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது, பெண் வீட்டாரோடு முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்த அன்றைக்கு. வருங்கால மாமனார் லாண்டரி நடத்துகிறவர். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து வெளுத்துத் திரும்பும்.

"எங்ககிட்ட ஓடுற ப்ரோக்ராம் ஸ்மால்டாக்னு என்னமோ ஒரு கம்ப்யூட்டர் மொழியில எழுதினதாம். எழுதினவர் வேற ஊருக்குப் போயிட்டார். அதைத் தொடவே ஆள் கிடைக்கல" என்று மாமனார் பேச்சுவாக்கில் சொன்னார்.

சின்ன மாப்பிள்ளை எடுத்த கவளத்தை அப்படியே கீழே வைத்தார். கல்லூரியில் படிக்கும்போது ஸ்மால்டாக்கின் மேல் அவருக்கு அப்படியொரு மயக்கம். அதில் ஒரு வேலை கிடைக்காதா என்று அலைந்து, கிடைக்காமல், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேறெதையோ எழுதிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றார். பெண்ணைப் பற்றிக் கேட்டபோதுகூட அவர் முகம் அவ்வளவு மலரவில்லை என்று பின்னாளில் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

கல்யாணக் களைப்பு தீர்வதற்குள் அவரை லாண்டரிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அங்கே இருந்தது ஒரு ஸ்மால்டாக் அல்ல, இரண்டு. மாடியில் மச்சானின் ராஜ்யம். அழுக்குத் துணி அங்கே வந்திறங்கும். அவர் எண்ணிக் கணினியில் ஏற்றி, மூட்டையாகக் கட்டி, ஒரு தகரச் சரிவு வழியாகக் கீழே தள்ளுவார். கீழே பெரிய மாப்பிள்ளை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, லேபிள் ஒட்டி வண்டியில் ஏற்றுவது அவர் பொறுப்பு. இருவருக்கும் தனித்தனிக் கணினி, தனித்தனி ப்ரோக்ராம். மச்சான் கீபோர்டின் மேலேயே தட்டை வைத்துச் சாப்பிடுகிறவர். பெரிய மாப்பிள்ளையோ மவுஸைக் கூட ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். ஒரே கணினியில் இருவரையும் உட்கார வைக்க மாமனாரால் முடியவில்லை.

ஆகவே எந்த மூட்டையில் எத்தனை உருப்படி என்பதை மச்சான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மூட்டைக்குள் போட்டு அனுப்புவார். பாதி நாள் அந்தச் சீட்டும் துணியோடு சேர்ந்து வெளுத்துவிடும்.

"இந்த ரெண்டு ப்ரோக்ராமும் ஒண்ணோட ஒண்ணு பேசணும். அவ்வளவுதான் மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

அவ்வளவுதான். அதைப் பேசாமல் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சின்ன மாப்பிள்ளை முறையாகச் செய்ய ஆசைப்பட்டு, இஸ்திரி அறையில் குடும்பத்தை உட்காரவைத்து விளக்கம் சொன்னார்.

"மூணு வழி இருக்கு மாமா. ஒண்ணு, மாடியில இருக்கிறது ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும், கீழ இருக்கிறது எடுத்துப் படிச்சுக்கும். ரெண்டாவது, சாக்கெட். ஃபோன்ல பேசுற மாதிரி ரெண்டும் நேராப் பேசிக்கும். மூணாவது..." இந்த இடத்தில் அவர் குரல் தழைந்தது. "கீழ இருக்கிற மூட்டை தன் பக்கத்துலயே இருக்குன்னு மாடி ப்ரோக்ராம் நினைச்சுக்கும். 'நீ யார்'னு கேட்டா அந்த மூட்டையே பதில் சொல்லும். நடுவுல ஒயர் இருக்கிறதே தெரியாது."

"தெரியாம எப்படி? செவுத்துல தொங்குதே" என்றார் மாமியார்.

மச்சான் சாக்கெட் என்றார். மச்சான் சொல்லிவிட்டார் என்பதாலேயே பெரிய மாப்பிள்ளை ஃபைல் என்றார். மூட்டை பேசுவதை இருவரும் விரும்பவில்லை. "எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கட்டும்" என்று மாமனார் தீர்ப்புச் சொல்ல, ஃபைலே நிலைத்தது.

முதல் வாரம் ஊர்ந்து போனது. பிறகு ஒரு காலையில் பெரிய ஓட்டலின் மேனேஜர் ஃபோன் செய்தார். நிதானமான மனிதர், கோபம் வந்தால் இன்னும் நிதானமாகிவிடுவார்.

"தலையணை உறை வந்துச்சுங்க."

"சந்தோஷம்" என்றார் மாமனார்.

"மூணு உறை வந்திருக்கு. எங்ககிட்ட இருக்கிறது முன்னூறு தலையணை. எந்த மூணுக்குப் போடணும்னு கேட்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

மாடி ப்ரோக்ராம் முன்னூறு என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே, கீழே இருந்தது அவசரக்குடுக்கையாக ஃபைலைத் திறந்து, எழுதி முடிந்திருந்த ஒற்றை மூன்றை மட்டும் படித்துவிட்டிருந்தது. சின்ன மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு, எழுதி முடித்த பிறகே ஃபைலுக்குப் பெயர் வைக்கும்படி திருத்தினார். திருத்தம் அருமையாக வேலை செய்தது. ஆனால் மறுநாளிலிருந்து மாடியில் எழுதியது எதுவுமே கீழே வந்து சேரவில்லை.

தேடித் தேடிக் களைத்த பிறகு பெரிய மாப்பிள்ளையைக் கேட்டார்.

"இந்த ஃபோல்டர்ல ஃபைல் எதாவது பார்த்தீங்களாண்ணா?"

"அதுவா? இப்பக் கொஞ்ச நாளா யாரோ புதுசு புதுசாப் பேர் வச்சுக் குப்பையாப் போடுறாங்க. நான் கண்ணுல பட்டதும் முதல் வேலையா எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடுறேன்" என்றார் அவர் பெருமையாக.

அத்தோடு ஃபைல் கதை முடிந்தது. சாக்கெட்டுக்கு மாறினார்கள். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்பதை அன்று அவர் வேலையாட்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார்.

சாக்கெட் உண்மையிலேயே நன்றாகப் பேசியது. மாடி ஒன்றைச் சொல்லும்; கீழிருந்து 'சரி' என்று பதில் வரும்; பதில் வந்த பிறகுதான் மாடி அடுத்த மூட்டைக்குப் போகும். பெரிய மாப்பிள்ளை மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும்போது கணினியையும் அணைத்துவிடுவார் என்பது சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியாது.

"அதுவும் காலையிலேர்ந்து உழைக்குதுல்ல. கொஞ்சம் ஆறட்டுமே" என்பது அவர் கட்சி.

அவரும் கணினியும் ஆறிக்கொண்டிருக்க, மாடி ப்ரோக்ராம் 'சரி'க்காகக் காத்து நின்றது. மச்சான் எந்தப் பொத்தானை அழுத்தியும் திரை அசையவில்லை. அழுக்குத் துணி வந்து குவிந்தது. குவியல் கதவை மறைத்தது. கடைசியில் மச்சான் தகரச் சரிவில் தலையை நுழைத்து, "சரின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்" என்று கீழே பார்த்துக் கத்தினார்.

சத்தம் கேட்டு விழித்த பெரிய மாப்பிள்ளை, "சரி" என்று பதில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அன்று வீட்டில் சின்ன மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படியும் உங்க மூணாவது வழியைத்தான் கடைசியில செய்யப் போறீங்க. அதை இப்பவே செஞ்சுடுங்களேன். முகத்தைப் பார்க்கச் சகிக்கல."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினார். இத்தனை வருஷம் நெஞ்சில் பூட்டி வைத்த ஆசையெல்லாம் விரல் நுனிக்கு வந்தது. மாடியில் இருந்தபடியே கீழே கிடக்கும் மூட்டையைக் கூப்பிட்டார். அது தன் எடையைச் சொன்னது. துண்டு எத்தனை என்றார், சொன்னது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் என்னவோ ஏதோவென்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு பக்கமும் என்ன பேசிக்கொள்கின்றன என்று பார்ப்பதற்காக, ஒவ்வொரு பேச்சையும் கீழே இருக்கும் லேபிள் மெஷினில் அச்சாகும்படி வைத்திருந்தார். அதை எடுத்துவிட மறந்துபோனார். மறுநாள் ஆசையோடு ஒரு மூட்டையைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்டார்.

மூட்டை, நான் இன்ன ஓட்டலின் மூட்டை என்று சொல்ல வேண்டும். அந்த ஓட்டலின் விவரம் மாடியில் இருந்ததால், ஓட்டலைப் பார்த்து "நீ யார்?" என்றது. ஓட்டல், நான் இன்ன மூட்டைகளுக்குச் சொந்தக்காரன் என்று சொல்ல வேண்டும். மூட்டை கீழே இருந்ததால் அதைப் பார்த்து "நீ யார்?" என்றது. இப்படி இருவரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். மாடியில் திரை உறைந்தது. சின்ன மாப்பிள்ளை ஒயரைப் பிடுங்கிவிட்டு, எங்கே தவறு என்று ப்ரோக்ராமை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். கீழே என்ன ஆயிற்று என்று பார்க்கத் தோன்றவில்லை.

கீழே லேபிள் மெஷின் சுருள் சுருளாக அச்சடித்துத் தள்ளியிருந்தது. இஸ்திரிக்கார அக்கா அவற்றை ஒவ்வொன்றாகக் கிழித்து, ஒவ்வொரு தலையணை உறையிலும் வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருந்தார். வண்டி போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலையாக்கா?" என்றார் சின்ன மாப்பிள்ளை, ஈனசுரத்தில்.

"பார்த்தேன் தம்பி. 'நீ யார்'னு இருந்துச்சு. புது ஓட்டல் பேராக்கும்னு நினைச்சேன்."

ஆக, அன்று அந்தப் பெரிய ஓட்டலில் தங்கியவர்கள் எல்லோரும் தூங்கப் போகும்போது தலையணை அவர்களைப் பார்த்து நீ யார் என்று கேட்டது.

மேனேஜர் ஃபோன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். மாமனார் முகம் வெளிறி நாற்காலியை இழுத்துப் போட்டார். சின்ன மாப்பிள்ளை வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"ஒருத்தர் காலைல இறங்கி வந்து, வந்த வேலையை ரத்து பண்ணிட்டேன், வீட்டுக்குப் போய் அப்பாகிட்டப் பேசப் போறேன்னு சொல்லிட்டுப் போனார்" என்று மேனேஜர் நிதானமாக ஆரம்பித்தார். "ஒரு அம்மா ரூமை இன்னும் நாலு நாளைக்கு வேணும்னாங்க. இன்னும் கண்டுபிடிக்கலையாம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மட்டும் சண்டை போட்டாங்க. அவர் பதில் சொல்லத் திணறினாராம்."

"மன்னிச்சுக்கணும்" என்றார் மாமனார்.

"எதுக்கு? மத்த ஓட்டலுக்கும் கொடுத்துடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

அவர் போன பிறகு சின்ன மாப்பிள்ளை கொதிகலனை விட்டு வெளியே வந்தார். யாரையும் கூட்டவில்லை, எதையும் விளக்கவில்லை. சாக்கெட்டையே மறுபடி மாட்டினார். மாடி சொல்ல வேண்டியதைச் சொல்லி வரிசையில் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் வேலையைப் பார்க்கும். கீழ்க் கணினி தூங்கி எழுந்ததும் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். அரை நாள் வேலை. அதில் அழகு ஒன்றும் இல்லை. கண் கலங்கவும் இல்லை. அன்றிலிருந்து ஒரு உறைகூடத் தவறவில்லை.

எந்த வழி என்று யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் வேறு யோசனையில் இருந்தார்கள். மேனேஜர் துண்டுகளிலும் ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார். இஸ்திரி அறையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மச்சான், 'எங்கே போகிறாய்?' என்று போடலாம் என்றார். குளித்துவிட்டு வருகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது என்று பெரிய மாப்பிள்ளை மறுத்தார். இருவருக்கும் குரல் ஏறியது.

மாமியார் ஒரு துண்டை உதறி மடித்தபடியே, "முதுகைத் துடைச்சியான்னு போடுங்க" என்றார்.

அதுவே ஏகமனதாக நிறைவேறியது.