சூயிங் ஊற்றிய தேநீர்

தொண்ணூற்று மூன்றில், எங்கள் ஹாங்காங்கின் தேர்தலை எப்படி நடத்துவது என்று பிரிட்டிஷ்காரர்களும் சீனாக்காரர்களும் பெய்ஜிங்கில் மாதக்கணக்கில் பேசினார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூப்பிட்டது என் நாத்தனார் சூயிங்கை மட்டும்தான், அதுவும் மொழிபெயர்க்க. உள்ளே கேட்டதை வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

என் கணவர் லோக்சான் பள்ளிக்கூட வாத்தியார். சட்டசபைக்கு நிற்க வேண்டும் என்று தீராத ஆசை அவருக்கு. தொண்ணூற்றைந்தில் ஜெயிப்பவர்கள், தொண்ணூற்றேழில் ஊர் சீனாவின் கைக்குப் போன பிறகும் சபையில் நீடிப்பார்களா? நீடிப்பார்கள் என்றால் இருப்போம், இல்லையென்றால் கனடா. குடியேற அனுமதி வந்து கிடந்தது, அந்த மாசக் கடைசிதான் கெடு. என் அம்மா வான்கூவரில் படுத்த படுக்கையாக இருந்தாள். எனக்கு எந்தப் பதில் வேண்டியிருந்தது என்று சொல்லவே வேண்டாம்.

லீவில் வந்த சூயிங்கை ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனோம்.

“என்னை எதுவும் கேக்காதண்ணா. கொழுக்கட்டை ஆறுது, சாப்பிடு.”

“உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னா? சபை நீடிக்கும்னு நம்பிக்கை இருந்தா எனக்கு டீ ஊத்து. இல்லேன்னா கெட்டிலைத் தொடாதே. அவ்வளவுதான்.”

“வாத்தியாருக்கு விளையாட்டைப் பாரு!” என்றேன்.

சூயிங் சிரித்து மழுப்பினாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. இவர் கோப்பை காலியானது. பெரியவர் கோப்பை காலியாக இருந்தால் இளையவர் கை சும்மா இருக்காது, எங்கள் வளர்ப்பு அப்படி. அவள் இவருக்கு ஊற்றினாள், எனக்கு ஊற்றினாள், கடைசியில் தனக்கும். இவர் முகமெல்லாம் சிரிப்பாக, விரல்களால் மேஜையைத் தட்டி நன்றி சொன்னார். அவள் கொழுக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனடா போகும் யோசனையை விட்டோம், கெடுவும் போயிற்று. குளிர்காலத்தில் பேச்சுவார்த்தை முறிந்தது. ஜெயிப்பவர்கள் நீடிக்க வழியில்லை, நாங்கள் அந்தத் தேநீரைக் குடிப்பதற்கு முன்பே பேச்சு செத்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். வசந்தத்தில் அம்மா போய்விட்டாள். கடைசியாக ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு சூயிங் வந்தால் கதவைத் திறப்பேன், வாயைத் திறக்கமாட்டேன்.

இவர் நின்றார், ஜெயித்தார். இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை. கொடி மாறியதும் சபையைக் கலைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை கொட்டுகிற மழையில் அதே கடைக்குப் போனோம். சூயிங்கையும் வரச் சொல்லியிருந்தார். அவள் உட்கார்ந்ததுமே அழுதாள்.

“அன்னிக்கு என் கை தன்னால போயிடுச்சுண்ணா. அப்பவே சொல்லியிருக்கணும்.”

“தெரியும்டி,” என்றார் இவர். “சேதி சொல்றவ எனக்கு மட்டும்தானே ஊத்துவா? நீ அண்ணிக்கும் ஊத்தினே, உனக்கும் ஊத்திக்கிட்டே. பழக்கத்துல ஊத்துறேன்னு அப்பவே புரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் கனடா போகலே?” என்று கேட்டது நான்.

“ஒரு தடவையாவது நின்னு ஜெயிக்கணும்னு இருந்துச்சு.” கோப்பையைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல.

இத்தனை வருஷம் யாரைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்! கெட்டிலை எடுத்தேன். இளையவள்தான் என்றாலும் முதலில் சூயிங்குக்கு ஊற்றினேன். அவள் விரல்களால் மேஜையைத் தட்டினாள். பிறகு எனக்கு ஊற்றிக்கொண்டேன்.

அவர் கோப்பை காலியாகவே இருந்தது. கெட்டிலைக் கீழே வைத்தேன்.