பின்னால் ஓடிய வண்டி

தனபாலன் எழுந்தான். பல் தீட்டினான். முகம் மழித்தான். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பால் போத்தலை எடுத்துவந்தான். இரண்டு துண்டு பாணை வாட்டி, மாஜரீன் பூசி, நின்றபடியே தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். மெல்பேணில் மழை பெய்யும் என்றது வானொலி. வெளியே ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை. வேலை இல்லை. ஆனாலும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து தாள்களை விரித்தான்.

முன்னறைக் கதவு திறந்து மகேந்திரராஜா வந்தார். தனபாலனின் மனைவி கமலினியின் அண்ணன். சிட்னிப் பக்கம் பரமட்டாவில் கணக்காளர். முதல்நாள் ரயிலில் வந்திருந்தார்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம், மச்சான்."

"என்ன சாப்பிட்டனீர்?"

"பாண்."

"உம்மைப் பாத்தா பாண்தான் உம்மைத் தின்ன மாதிரிக் கிடக்கு."

தனபாலன் சிரிக்கவில்லை. கமலினி இறந்து மூன்று கிழமையாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவள். வேலைக்குப் போகும் வழியில் நோபல் பார்க் ரயில் நிலையத்தில் விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மகேந்திரராஜா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். யாழ்ப்பாணத்தில் கமலினியின் பெற்றோர், மாமாவும் மாமியும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வருபவர்களுக்குப் பங்கிடக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். இறந்தவரின் படமும் பிறப்பும் படிப்பும் முதலில் வரும். பிறகு தாய் புலம்பல், தந்தை புலம்பல் என்று ஒவ்வொரு உறவின் பெயரிலும் ஊர்ப் புலவர் கட்டிய பாட்டு.

"இது கணவர் புலம்பல். உம்மடை. ஒருக்கா கேளும்" என்று அவர் வாசித்தார்.

"அம்மாவைக் காருமென்று
அருகிருந்து சொன்னவளே
சும்மாநான் இருக்கையிலே
சொர்க்கத்தைச் சேர்ந்தாயோ."

"நான் அருகில இருக்கேல்லை" என்றான் தனபாலன்.

"பாட்டில அப்பிடித்தான் வரும்."

"சும்மாவும் இருக்கேல்லை. வேலைத்தலத்தில லொறிச் சட்டத்தை அளந்துகொண்டு நிண்டனான்."

"அதை எப்பிடியப்பா பாட்டில போடுறது? இண்டைக்குப் பின்னேரம் ட்ரங்க் கோல் எடுத்து ஓம் எண்டு சொல்லவேணும். அச்சுக்கூடத்தில பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்."

தனபாலன் அந்தத் தாளைப் பார்த்தான். அச்சில் வந்துவிட்டால் அதுதான் கமலினி கடைசியாகச் சொன்னதாகிவிடும். ஊரெல்லாம் அதைச் சொல்லி அழும். கொஞ்சக் காலத்தில் அவனுக்கே அதுதான் ஞாபகத்தில் நிற்கும். அவள் உண்மையில் சொன்னது அவன் ஒருவனிடம்தான் இருந்தது.

"அவள் இப்பிடிச் சொல்லேல்லை, மச்சான்."

"ஒண்டுமே சொல்லேல்லை எண்டு நீர்தானே அம்மாவுக்குச் சொன்னனீர். அதாலதான் புலவர் தன்ர பாட்டுக்கு எழுதினவர்."

"சொன்னவள்."

மகேந்திரராஜா தாளை மேசையில் வைத்தார். "என்னெண்டு?"

"சொன்னா விளங்காது. முதல்ல வண்டியைப் பற்றிச் சொல்லவேணும்."

"என்ன வண்டி? அவளை வண்டி ஒண்டும் அடிக்கேல்லையே?"

"தென்துருவத்துக்குப் போன வண்டி."

மகேந்திரராஜா அவனை உற்றுப் பார்த்தார். துக்கத்தில் இவனுக்கு மூளை தட்டிவிட்டதோ என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லும்."

வேலைத்தலத்தில் மாதம் ஒருமுறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு எஞ்சினியர் தோற்றுப்போன இயந்திரம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். இந்த முறை தனபாலன். அவன் ஸ்னோ குரூசர் என்ற பனி வண்டியை எடுத்திருந்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்பதில் அமெரிக்கர்கள் கட்டியது. ஒரு வீட்டை விட நீளம். ஆள் உயரத்தைத் தாண்டிய நான்கு சக்கரங்கள். உள்ளே குசினி, படுக்கை, படம் கழுவும் அறை. கூரையின் மேல் ஒரு விமானம். பனிப்பிளவு வந்தால் சக்கரங்களை மேலே இழுத்துக்கொண்டு வயிற்றால் சறுக்கிக் கடக்கும் என்பது திட்டம்.

"பிறகு?"

"கப்பலால இறக்கினவுடன பனியில புதைஞ்சுது. சக்கரம் அந்த இடத்திலேயே சுத்துது. சக்கரத்தின்ர ரயரில வெட்டு இல்லை, மச்சான். மொழுமொழு எண்டு இருக்கும். சதுப்பு நிலத்துக்கெண்டு செய்த ரயர்."

"பனிக்குப் போற வண்டிக்கு வழுக்கை ரயரோ? முதல் ஓடிப் பாக்கேல்லையோ?"

"மணலில ஓடிப் பாத்தவங்கள்."

"மணலில! நாங்கள் இப்பிடி ஒரு கணக்குக் காட்டினா அண்டைக்கே வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

"மேலதிகச் சக்கரத்தை முன்னுக்குப் பூட்டி, பின் சக்கரத்துக்குச் சங்கிலி சுத்திப் பாத்தவங்கள். முன்னுக்குப் போகாது. பின்னுக்கு விட்டா மட்டும் பிடிக்கும். கடைசியா தொண்ணூத்திரண்டு மைல் ஓடினது. முழுக்கப் பின்னுக்கு."

"எங்கை, பின்னுக்கோ?"

"பின்னுக்கு."

மகேந்திரராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதையே அவளுக்குச் சொன்னனீர்?"

"பேசிப் பழகுறதுக்காக ஒவ்வொரு நாள் காலமையும் சொல்லுறனான். அவள் விழுந்த அண்டைக்கு இந்தப் பின்னுக்குப் போற இடம். அவள் சோதனைத் தாளெல்லாம் அடுக்கிக்கொண்டு நிண்டவள். கேக்கேல்லை எண்டுதான் நினைச்சனான்."

மகேந்திரராஜா பாட்டை எடுத்து மறுபடி மனதுக்குள் வாசித்தார்.

"அம்மாவைப் பாத்துக்கொள்ளும் எண்டு சொல்லுற ஆளோ அவள்? அம்மா கறிக்கு உப்புப் போடேக்கயே பிழை பிடிக்கிறவள்." தாளைக் கீழே வைத்தார். "ஆனா சனம் சிரிக்கும், தனபாலன். கல்வெட்டில பனி வண்டியோ?"

"சிரிக்கட்டும். அவள் கதைச்சா ஆர் சிரிக்காமல் இருந்தவை?"

மகேந்திரராஜா பேனாவை எடுத்து நான்கு வரிகளுக்கும் குறுக்கே கோடு இழுத்தார். தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்தார்.

"பாட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அவள் சொன்னபடியே சொல்லும். ஒரு சொல்லும் மாத்தாதையும். அம்மா கேட்டா நான் சொல்லிக்கொள்ளுறன்."

தனபாலன் அதை இதுவரை வாய்விட்டுச் சொல்லியதில்லை. கமலினி அப்போது ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். குடை பாதி விரிந்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொன்ன வேகத்திலேயே அவனும் சொன்னான்.

"கண்டறியாத எஞ்சினியர்மார். பின்னுக்குத்தான் போகுமெண்டா, ட்ரைவரின்ர கதிரையைக் கழட்டித் திருப்பிப் பூட்டினாச் சரிதானே? நான் போட்டு வாறன்."