மணிக்குள் புல்

“வண்டிக்குள்ள எழுந்து நிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. சிங்கத்துக்கு வண்டி, நீங்க, நான் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய மிருகம். கைய மட்டும் வெளிய நீட்டுனீங்கன்னா...” என்று சொல்லிக்கொண்டிருந்த கொய்னெட், சட்டைப்பைக்குள் கைப்பேசி துடித்ததும் பாதியில் நிறுத்தினான். மாரா சரணாலயத்துக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு அவன் விடிகாலையில் ஒப்பிக்கிற பாடம் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாது. இன்று பிசகியது. திரையில் தம்பி மனைவி ரெசியாட்டோவின் பெயர் இருந்தது. அவள் காலையில் கூப்பிடுகிற ஆளே இல்லை.

வண்டிக்குப் பின்னால் போய் எடுத்தான்.

“மாமா, அவரு இன்னும் வரல. ஊர்ல மத்தவங்க மாடெல்லாம் திரும்பிடுச்சு. போன் அடிச்சா அணைஞ்சு கிடக்கு.”

“எந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போனான்?”

“காஞ்ச ஓடைப் பக்கம்தான். புதர்க்காட்டுல ஒதுங்கிக்குவேன்னாரு.”

காய்ந்த ஓடை சரணாலயத்துக்கு உள்ளே இருக்கிறது. மழை ஏமாற்றிய வருடம். சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே தரை சிரைத்த தலைபோலக் கிடந்தது, உள்ளேயோ முழங்கால் உயரத்துக்குப் புல். இருட்டியதும் மாட்டை உள்ளே விட்டு, விடியுமுன் வெளியே ஓட்டிவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சத்தம் வராமலிருக்க மணிகளுக்குள் புல்லைத் திணித்துவிடுவார்கள். பச்சைப் புல் என்றால் பிடித்து நிற்கும், இந்த வருடத்துக் காய்ந்த புல் நடக்க நடக்க உதிரும். மணியையே அவிழ்த்துவிடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்! முன்னே போகிற கிழப்பசுவுக்கு அது அப்பா கட்டிய மணி என்று தம்பி கசைனே மாட்டேன் என்பான். ரேஞ்சர்கள் பிடித்தால் மாடு போகும், கசைனே சிறைக்குப் போவான். அதைவிடப் பெரிய பயம் வேறு. ஒரு சிங்கம் மாட்டின்மேல் கைவைத்தால் கசைனே ஓடுகிறவன் இல்லை. ஈட்டியோடு எதிரே போவான். ஒன்று அவன் சாவான், இல்லை சிங்கம் சாகும். சிங்கம் செத்தாலும் தம்பி தொலைந்த கணக்குத்தான். யார் கண்ணிலும் படுமுன் அவனை வெளியே கொண்டுவந்தாக வேண்டும்.

ஆனால் வண்டியில் ஆள் இருக்கிறது. நைரோபி காய்கறிச் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் வாங்கெச்சி அம்மாவும் அவள் புருஷன் முச்சோக்கியும். பிள்ளைகள் சேர்ந்து பணம் கட்டி அனுப்பிவைத்த பயணம். மூன்று நாளாக இவர்களுக்கு சிங்கத்தைத் தவிர எல்லாம் கிடைத்துவிட்டது: தூசி, குளிர், இடுப்புவலி, புதர் மறைவில் ஒதுங்க “டயரைப் பார்க்கணும்” என்று சொல்லப் பழகியது, யானைச் சாணி. மதியம் கிளம்ப வேண்டும். இதுதான் கடைசி ஓட்டம்.

“இந்த நாட்டுல பொறந்து கிழவியாயிட்டேன் தம்பி. சிங்கத்தப் பத்து ஷில்லிங் காசுலதான் பாத்திருக்கேன்” என்றாள் வாங்கெச்சி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு. “சந்தையில அத்தன பேருகிட்டயும் போட்டோ காட்டறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மானம் போயிடும்.”

முச்சோக்கி மகனுடைய கேமராவைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்திருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

காய்ந்த ஓடை கிழக்கே இருந்தது. கொய்னெட் மேற்கே திருப்பினான். ஆட்களை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவது தம்பியைத் தன் கையாலேயே காட்டிக்கொடுப்பது. நீர்யானை மடுவைக் காட்டிவிட்டு, இஞ்சின் சரியில்லை என்று ஏதாவது சொல்லி முகாமில் இறக்கிவிட்டு ஓடலாம் என்று கணக்குப் போட்டான். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கிற கால் அந்தக் கணக்கில் நிற்கவில்லை. வரிக்குதிரைக் கூட்டத்தருகே மூச்சு விடுகிற நேரம் நிறுத்தினான், கிளப்பினான். ஒட்டகச்சிவிங்கியைப் பேரைச் சொல்லியே தாண்டினான். கண்ணாடியில் கிழக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிணந்தின்னிக் கழுகு வட்டமிடுகிறதா என்பதுதான் பயம். கசைனே பொறுமைசாலியாக இருந்திருக்கக் கூடாதா? சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தீயைக் கண்டால் ஊதிப் பார்ப்பவன்.

“மெதுவா போங்க தம்பி” என்றாள் வாங்கெச்சி. “வரிக்குதிரைக்குக் கோடு இருந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியல. மாநகராட்சிக்காரன் தொரத்துறப்பகூட நான் இப்படி ஓடுனதில்ல.”

“ஓடல?” என்றார் முச்சோக்கி, அன்று காலை முதல்முறையாக வாயைத் திறந்து. “தக்காளிக் கூடையோட ஓடி வந்து நான் இருந்த பஸ்ல ஏறுனவதான நீ? தெருவுல விக்கக் கூடாதுன்னு போலீஸ் மாதிரி ரெண்டு பேரு பின்னாடியே வந்தானுங்க. கூடைய நான் சீட்டுக்கு அடியில தள்ளி அதுமேல உக்காந்துட்டேன். பாதி தக்காளி சட்னி.”

“அதுக்கு நஷ்டஈடு கேட்டுத்தான் இவரக் கட்டிக்கிட்டேன்” என்றாள் அவள்.

வேறு நாளாக இருந்தால் கொய்னெட் வண்டியை நிறுத்திச் சிரித்திருப்பான். இன்று உதடு மட்டும் அசைந்தது. மடுவில் நீர்யானைகளின் முதுகுகள் பாறைகளைப் போலக் கிடந்தன. முச்சோக்கி கேமராவைத் தூக்கினார்.

அப்போது ரேடியோ கரகரத்தது. இன்னொரு வண்டி ஓட்டும் முதிசோவின் குரல். “மீசக்காரங்க நாலு பேரு. காஞ்ச ஓடை, புத்து மேட்டுல படுத்திருக்காங்க. நான் இந்தப் பக்கத்து மேட்டுல இருந்து பாத்தேன், இப்ப இறங்கிச் சுத்திக்கிட்டு வரேன். வரவங்க வாங்க.”

ஓட்டுநர்கள் ரேடியோவில் எந்த மிருகத்தையும் பேர் சொல்லிச் சொல்வதில்லை. சிங்கம் என்று சுவாஹிலியில் சொன்னால் இப்போது வெள்ளைக்காரக் குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. போய்ச் சேர்வதற்குள் அது எழுந்து போய்விட்டால் பின்னால் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் சிங்கம் மீசைக்காரன், சிறுத்தை புள்ளிச்சட்டை. கடல் கடந்து வருகிறவர்களிடம் இத்தனை வருடம் செல்லுபடியான தந்திரம். அதே பழக்கத்தில் ரேடியோவை உரக்க வைத்திருந்தான். பின்னால் உட்கார்ந்திருப்பது சுவாஹிலியிலேயே பேரம் பேசி வாழ்ந்த பொம்பளை என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

“புத்து மேட்டுல படுத்திருக்கிற மீசக்காரன் யாரு தம்பி?” என்றாள் வாங்கெச்சி. “உங்க முதலாளியா?”

கொய்னெட் நீர்யானைகளைக் கைகாட்டினான்.

“சிங்கம்தான? அப்புறம் எதுக்கு எங்கள இங்க கொண்டாந்து இந்தக் குண்டனுங்க முதுகக் காட்டிக்கிட்டிருக்கீங்க?”

கொய்னெட்டின் கை ரேடியோவுக்குப் போனது. யோசித்துச் செய்யவில்லை. “முதிசோ, கொய்னெட் பேசறேன். நான் இப்பத்தான் அங்க இருந்து வரேன். மீசக்காரங்க எழுந்து மலப்பக்கம் போயிட்டாங்க. எல்லாரும் மலைக்குப் போங்க.”

“சரிண்ணே, நன்றி” என்றது ரேடியோ. அந்த நன்றி அவன் காதைச் சுட்டது. ரேடியோவில் பொய் சொன்ன ஓட்டுநரை அப்புறம் யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். அந்தச் சமவெளியில் ஒருவர் கண்ணை ஒருவர் நம்பித்தான் எல்லாரும் பிழைக்கிறார்கள்.

முச்சோக்கி கேமராவைத் தாழ்த்தினார். வாங்கெச்சி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “எங்க பாத்தீங்க? காலையில இருந்து நாங்களும்தான் உங்ககூட இருக்கோம். ஏன் பொய் சொன்னீங்க?”

முழுப் பூசணிக்காயை இதற்கு மேல் எந்தச் சோற்றில் மறைப்பது? “அங்க என் தம்பி இருக்காம்மா” என்றான். “மாட்ட மேய்க்க உள்ள ஓட்டியாந்துட்டான். வெளிய போற வழியில இதுங்க படுத்திருக்கு போல. ரேஞ்சர் பாத்தா அவன் ஜெயிலுக்குப் போவான். பாக்கலன்னா, சிங்கத்துக்கிட்ட மல்லுக்கு நிப்பான்.”

வாங்கெச்சி போர்வையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். “அப்புறம் ஏன் இன்னும் இங்க நிக்கறோம்?” என்றாள்.

கொய்னெட் ஓட்டிய ஓட்டத்தில் உணவுக்கூடையிலிருந்த அவித்த முட்டைகள் வண்டிக்குள் உருண்டன. ஓடைக்கு அருகே பாதையைவிட்டு இறங்கி, இறங்கவே கூடாத புல்லுக்குள் வண்டியை விட்டான். புதர்க்காட்டின் விளிம்பில் சிவப்புத் துணி தெரிந்தது. உயிரோடு இருக்கிறான்! மாடுகளைத் தன் முதுகுக்குப் பின்னால் நெருக்கி வைத்து, ஈட்டியை ஊன்றி நின்றிருந்தான் கசைனே. இராத்திரி முழுக்க அப்படியே நின்றிருப்பான்போல. எதிரே, எல்லைக்குப் போகும் ஒற்றை வழியை அடைத்துக்கொண்டு புற்று மேட்டில் மூன்று பெண் சிங்கங்களும் பிடரிமயிர் முளைக்கத் தொடங்கிய ஒரு ஆணும்.

“அண்ணே, கிட்ட வராத” என்று கத்தினான் கசைனே. “நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்துக் கிழிச்சது போதும்டா. ஈட்டியத் தாழ்த்து. வண்டிக்கு இந்தப் பக்கமா மாட்ட ஓட்டு. ஓடாத, நட.”

வண்டியைச் சிங்கங்களுக்கும் மாடுகளுக்கும் நடுவில் நுழைத்து, இஞ்சினை உறுமவிட்டு, கை அகலம் கை அகலமாக முன்னே நகர்த்தினான். மூன்று பெண் சிங்கங்களும் சலிப்போடு எழுந்து நகர்ந்தன. ஆண் சிங்கம் நகரவில்லை. வாங்கெச்சியின் ஜன்னலுக்கு நேரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், எழுந்து நின்றது. அழுகிய இறைச்சி வாடை வண்டிக்குள் வந்தது. அதன் முகமெல்லாம் ஈ. மூக்கில் பழைய கீறல். அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் அசைகிற மாட்டுக் கால்களைப் பார்த்தது.

முச்சோக்கியின் விரல் கேமராவின் மேல் போனது. வாங்கெச்சி தலையைத் திருப்பாமலே தன் கையை அதன் கண்ணாடிமேல் வைத்து மூடினாள்.

மறுபக்கம் மாடுகள் வண்டியை உரசிக்கொண்டு போயின. கடைசிக் கன்றும் தாண்டி, ஓடைச் சரிவில் இறங்கி, அடர்ந்த புதருக்குள் மறைந்த பிறகுதான் கொய்னெட் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். ஆண் சிங்கம் மறுபடி மேட்டில் விழுந்து படுத்தது.

“இவ்வளவு ஈயா அதுக்கு!” என்றாள் வாங்கெச்சி.

புதரைக் கடந்து எல்லைக்குப் போக மாடுகளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். கொய்னெட் சிங்கங்களிடமிருந்து நன்றாக விலகிப் பாதைக்குத் திரும்பி, ஓடை வளைவில் ஒரு தனி மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். நின்ற வண்டிக்கு ஒரு காரணம் வேண்டுமே. பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு எனாமல் கோப்பைகளில் தேநீர் ஊற்றி, சர்க்கரை கலக்க ஒரு கரண்டியோடு கொடுத்தான். தனக்கு ஊற்றிக்கொள்ளாமல் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் எண்ணெயில் பொரித்த மண்டாசி பன்னைத் தொட்டு மளமளவென்று குடித்து முடித்தார்கள்.

தூசியைக் கிளப்பிக்கொண்டு பச்சை ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. ரேஞ்சர் இஞ்சினை அணைத்தார். கொய்னெட்டுக்குப் பழக்கமானவர்தான், ஆனால் சீருடைக்குள் பழக்கம் நுழையாது.

“கொய்னெட், மலப்பக்கம் சிங்கம் போச்சுன்னியாம். அஞ்சு வண்டி அங்க நின்னு கல்லப் பாத்துக்கிட்டிருக்கு. நீ இங்க என்ன பண்ற?”

கொய்னெட் பிளாஸ்க்கைத் திருகி மூடினான்.

“நல்லா கேளுங்க ஐயா” என்றாள் வாங்கெச்சி. “மூணு நாளாச்சு. ஒரு சிங்கத்தக் காட்டத் துப்பில்ல இந்த ஆளுக்கு. நீர்யானை முதுகக் காட்டிட்டு, டீய ஊத்திக் கொடுத்து ஏமாத்தறாரு. நைரோபில போயி நான் யார்கிட்ட என்னத்தச் சொல்ல?”

ரேஞ்சர் சிரித்துவிட்டார். “ஒரு சிங்கம்கூடப் பாக்கலியா அம்மா?”

“வாலக்கூடப் பாக்கல” என்றாள். சொல்லிவிட்டு ஒரு கணம் ஜன்னலுக்கு வெளியே, புற்று மேட்டின் திசையில் பார்த்தாள். அது அவளுக்கு வலித்தது என்பது கொய்னெட்டுக்குத் தெரிந்தது.

ரேஞ்சர் சாவியைத் திருகக் கையைக் கொண்டுபோனார். அப்போது, ஓடைக்கு அப்பால் புதருக்குள்ளிருந்து, ணங் என்று ஒரு சத்தம். கிழப்பசுவின் மணி. அப்பா கட்டிய மணி. புல் உதிர்ந்துவிட்டது.

ரேஞ்சரின் கை சாவிமேலேயே நின்றது. தலையை லேசாகச் சாய்த்தார்.

வாங்கெச்சி மடியிலிருந்த கரண்டியை எடுத்தாள். கோப்பைக்குள் விட்டுக் கலக்கினாள். ணங், ணங், ணங். கண்ணை ரேஞ்சர் மேலேயே வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், சர்க்கரை அடியில் தங்கிவிட்டதுபோல விளிம்பில் இடித்து இடித்துக் கலக்கினாள். கோப்பையில் தேநீர் இல்லை என்பது வண்டிக்குள் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஓடைப் பக்கம் மறுபடி ஒரு ணங் வந்தது, இவளுடைய சத்தத்தில் கலந்தது. ரேஞ்சர் ஓடையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். இஞ்சினைக் கிளப்பவில்லை.

முச்சோக்கி தன் காலிக் கோப்பையையும் அவள் பக்கம் நீட்டினார். அவள் அதையும் வாங்கிக் கலக்கத் தொடங்கினாள்.