சுருளிவேல் கட்டிய மணல்மலை

ஹவில்தார் சுருளிவேல் அடுத்த பதவியான ஜமேதாருக்குரிய பயிற்சியில் தேறாமல் சாணார்பட்டிக்கு லீவில் வந்து சேர்ந்தது அறுபத்து நாலாம் வருசம், மாசி மாதம். பட்டாளத்தில் அவருக்குப் பதினாறு வருசம். கண்ணைக் கட்டிவிட்டாலும் துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவார். வரைபடம் பார்ப்பதிலும் கெட்டிக்காரர். அந்தப் பயிற்சிக்கு அதெல்லாம் போதவில்லை. மேசைமேல் மண்ணால் மலையும் ஆறும் செய்து வைத்து, உன்னிடம் முப்பது பேர் இருக்கிறார்கள், எங்கே நிறுத்துவாய், ஏன் என்று கேட்டார்கள். எங்கே என்பதை விரலால் காட்டிவிட்டார். ஏன் என்றபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பயிற்சி நடத்திய மேஜர் கடிந்துகொள்ளவில்லை. இத்தனை நாள் உத்தரவைக் கேட்டு நடந்தாய், இனி உன் சொல்லைக் கேட்டு நாலு பேர் நடக்க வேண்டும், மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொண்டு ஆவணியில் வா என்று அனுப்பிவிட்டார்.

லீவில் சுருளிவேலுக்குத் தூக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. விடிகாலையில் மனைவி கருப்பம்மாளோடு கனகாம்பரம் பறிக்கப் போவார். சிறுமலையிலிருந்து இறங்கும் பனிமூட்டம் தோட்டத்தை மூடியிருக்கும். அடுத்த பாத்தியில் நிற்கும் கருப்பம்மாளின் தலை மட்டும் வெள்ளையில் மிதந்து போகும். மேற்கே திண்டுக்கல் மலைக்கு அடிவாரமே இருக்காது. வானத்தில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி நிற்கும். தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே சில நேரம் அவருக்கு மறந்துபோகும். வெயில் ஏறி, பூக்கூடை பஸ்ஸில் டவுனுக்குப் போன பிறகுதான் சாணார்பட்டி திரும்பி வரும்.

ஒருநாள் களத்து மூலையில் ஈரமணலைக் குவித்து ஒரு மலை கட்டினார். பக்கத்தில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஓடை. உச்சியில் முப்பது தீக்குச்சிகளை நட்டார். பக்கத்துத் தோட்டத்து பொம்மையன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, பட்டாளத்தில் இதற்குத்தான் சம்பளமா என்று சிரித்துக்கொண்டே போனார். சுருளிவேல் காதில் வாங்கவில்லை. மணலைப் பார்த்துப் பேசிப் பேசிப் பழகினார். உச்சியில் நின்றால் நாலு பக்கமும் தெரியும், எதிரி ஏறிவர நேரமாகும் என்றெல்லாம் சொல்ல வந்தது. நாலாம் நாள் கருப்பம்மாள் வெறுங்கூடையோடு வந்து எதிரே குந்தினாள். முழுதும் கேட்டாள்.

"பூவுக்கே ரெண்டு நேரம் தண்ணி ஊத்துறோம். மேல நிக்கிற இம்புட்டுப் பேரும் எதைக் குடிப்பாக?" என்றாள்.

சுருளிவேல் குச்சிகளையே பார்த்தார். மத்தியான வெயிலில் மணல் வெளுத்து, பனியாகி, உயர்ந்துகொண்டே போனது. இரண்டு வருசத்துக்கு முந்திய சண்டையில் அவர் நின்ற வடகிழக்கு மலை அது. காற்றின் ஊளைகூடக் கேட்டது. அந்த மலைமுகட்டில் முப்பது பேரை நிறுத்திய இளம் அதிகாரி, போருக்குப் புதியவர், சுருளிவேலிடம்தான் கேட்டார்: ஹவில்தார், இந்த இடம் சரிதானே? ஓடை அந்தப் பக்கம், அதலபாதாளத்தில் இருப்பது சுருளிவேலுக்குத் தெரியும். வாய் பழக்கத்தில் "ஜீ சாப்", சரி ஐயா, என்றது. மூன்றாம் நாள் தண்ணீருக்கு இறங்கிய அய்யலூர் மலைச்சாமி திரும்பவில்லை.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் களத்தில் வைத்துச் சொன்னார். கருப்பம்மாள் தேற்றவில்லை. "மலைச்சாமி சம்சாரத்துக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குப் போனார். புழுதிக்குள் ஆயிரம் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. மலைச்சாமியின் மனைவி முத்துப்பேச்சி இரண்டு கிடாய்களைக் கயிற்றில் பிடித்து நின்றிருந்தாள். சந்தைக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் ஒளிக்கவில்லை. அவள் கிடாயின் காதை நீவிக்கொண்டே கேட்டாள்.

"உசிரு போனது போறப்பவா, தண்ணி மொண்டுட்டு வாரப்பவா?"

"வாரப்ப. ரெண்டு டின்னும் நெறைஞ்சு கெடந்துச்சு. உறைஞ்சு போனதால சிந்தல."

"அப்ப குடிச்சிருப்பாரு" என்றாள் முத்துப்பேச்சி. பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கணும்ண்ணே."

"ஆமாத்தா. சொல்லியிருக்கணும்."

யாரோ கிடாய்க்கு விலை கேட்டு வந்தார்கள், அவள் போய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் சுருளிவேல் கண்ணை மூடினார். ஆடுகளின் சத்தம் வெகுதூரம் கூடவே வந்தது. உடம்பு லேசாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நெடுநாள் அடைத்திருந்த காது திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

ஆவணியில் அதே மேசை, அதே மேஜர். இந்தமுறை மேஜரே ஒரு குன்றைக் கோலால் தொட்டு, உன் ஆட்களை இங்கே நிறுத்தப்போகிறேன், உத்தரவு எழுது என்றார். மற்ற ஹவில்தார்கள் பென்சிலை எடுத்தார்கள். சுருளிவேல் எழுந்து நின்றார்.

"சாப், அந்த இடம் வேண்டாம்" என்றார், தனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில்.

ஏன் என்றார் மேஜர். சுருளிவேல் சொன்னார். ஓடை எத்தனை கஜம், ஏறி இறங்க எவ்வளவு நேரம், பார்வைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கீழ்ச்சரிவு ஏன் நல்ல இடம் என்று மேசையில் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். தாகத்தோடு நிற்கும் ஆள் மூன்றாம் நாள் என்ன செய்வான் என்பதையும் சொன்னார். மேஜர் குறுக்கிடவில்லை. கடைசியில், நான் மறுத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். இன்னொரு முறை சொல்வேன், அதற்கும் மறுத்தால் உத்தரவுப்படி நிற்பேன், ஆனால் முதல் நாளே தண்ணீருக்கு வழி அமைத்துவிடுவேன் என்றார் சுருளிவேல். மேஜர் கோலைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் இதை எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

நாற்பது பேரில் பதினொன்றாவதாகத் தேறினார். சேதி சொல்லும் கடிதம் சாணார்பட்டிக்கு வந்தபோது ஐப்பசித் தூறல். தபால்காரர் குடைக்குள் நின்று படித்தார். சுருளிவேல் தேறியதையும், ஜமேதார் ஆனபின் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வீடு கொடுப்பார்கள் என்பதையும் கருப்பம்மாள் பாத்திக்குள் நின்றே கேட்டாள்.

"அங்கயும் பனி பெய்யுமாமா?" என்றாள்.

நிறையப் பெய்யுமாம் என்றார் தபால்காரர். அவள் தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தூறலில் பூவெல்லாம் தலைகுனிந்து, மலை இருந்த இடமே தெரியாமல் இருந்தது. கடிதத்தை வாங்கி நனையாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு, போவதற்குள் இந்தப் பாத்திகளை யாரிடம் விடலாம் என்று யோசிக்கத் தொடங்கினாள்.