கடைசி இருபது நிமிடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் எதிரிகள் சொல்லித்தான் இது தெரிய வேண்டும் என்றில்லை, என் மனைவி ஷஹ்மாவே சொல்வாள். இத்தனை வருடம் ரக்பி விளையாடியவனுக்கு மூக்கு வளைந்திருக்கும், காது நசுங்கியிருக்கும், முழங்கால் படியைக் கண்டாலே முனகும். எனக்கும் இவையெல்லாம் உண்டு. ஆனாலும் ஷிஹாப் என்றால் கண்டியில் முதலில் ஞாபகம் வருவது என் வாய்தான். நடுவர் பிழையாக விசில் ஊதினால் சொல்வேன். கோச் உளறினால் அவர் முகத்துக்கு நேரே சொல்வேன். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசுகிறவனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

அந்த வாயால்தான் ஹில் ரோவர்ஸ் கிளப்பை விட்டு வெளியே வந்தேன். பருவம் முழுக்கத் தோல்வி. கமிட்டியோடு சண்டை. முப்பத்தாறு வயதில் இனி வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது கொழும்புக் கிளப் ஒன்று என்னைக் கூப்பிட்டது. செய்தி வெளியானதுமே சதீஸ்குமார் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். விளையாட்டுச் செய்திக்கென்று யூடியூப் சேனல் நடத்துகிறவன். கட்டுக்கலையில் ஒரு ஹோட்டலுக்குள் என்னை உட்கார வைத்து, பிளேன்டீ ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, அண்ணன் முறைக்கு 'நானா' போட்டு மெதுவாகக் கேட்டான்.

"ரோவர்ஸுக்கு இந்த முறை என்னதான் நடந்துச்சு நானா? மனசு விட்டுச் சொல்லுங்களேன்."

என்னிடம் போய் மனசு விட்டுச் சொல் என்றால் விடுவேனா?

"கோச்சுக்கு ஒண்ணும் தெரியா. கமிட்டிக்கு அதுவும் தெரியா," என்று தொடங்கினேன். "ஆனா அதெல்லாம் சாட்டு. கடைசி நாலு மேட்ச்சும் நோன்பு மாசத்தில வந்த. நாலிலயும் ஒரு மணித்தியாலம் நாங்கதான் முன்னுக்கு. கடைசி இருவது நிமிஷத்தில பொடியன்மாருக்கு மூச்சில்ல. இந்த வயசில நான் நோன்பு பிடிச்சிட்டு ஓடுறேன். அவனுவள் நாக்கத் தள்ளிட்டு நிக்கிறானுவள். அந்த யுகேஷப் பாருங்கோ. ஒரு மணித்தியாலம் குதிர. அதுக்குப் பொறகு நனஞ்ச ஆடு."

அந்த 'நனஞ்ச ஆடு' பிடித்துக்கொண்டது. இரவுக்குள் கண்டியில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். யாரோ யுகேஷின் முகத்தை ஓர் ஆட்டின் உடம்பில் ஒட்டிப் படம் போட்டிருந்தார்கள். நானும் பார்த்துச் சிரித்தேன்.

"பேரச் சொல்லியிருக்கத் தேவல்ல," என்றாள் ஷஹ்மா.

"உண்மதானே?"

"உண்மயெண்டாலும் அவன் ஒங்கட பொடியன்."

அது சரிதான். ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த யுகேஷுக்கு, இரண்டு அணி ஃபார்வர்ட்களும் தலை கோத்து முட்டும் ஸ்க்ரமில் கழுத்தை எப்படி வைப்பது என்று காட்டிக் கொடுத்தவன் நான். ரோவர்ஸுக்கு விளையாடுகிறவர்களுக்கு கிளப்பை நடத்தும் கம்பனியில் வேலை உண்டு. யுகேஷ் அந்தக் கம்பனியின் ஸ்டோர்ஸில் இருந்தான். கல்யாணம் முடித்து மஹய்யாவையில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தான். என்னை நானா என்பான். அவனுடைய சொந்த அண்ணனை அவன் அவ்வளவு மரியாதையோடு கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல், தெல்தெனியவில் எங்கள் வீட்டு வாசலில் யுகேஷின் மனைவி சுபாஜினி வந்து நின்றாள். கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது. ஷஹ்மா கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"நானா, இன்னைக்குப் பின்னேரம் கமிட்டி கூடுது. அடுத்த வருஷத்துக்கு யாரு யாருன்னு முடிவு பண்ணப் போறாங்க. அவர எடுக்க மாட்டாங்களாம். உங்க வீடியோவப் போட்டுப் பாத்தாங்களாம். சீனியரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னன்னு கேட்டாங்களாம். டீம விட்டுத் தூக்கினா ஸ்டோர்ஸ் வேலையும் போயிரும். நாங்க திரும்பத் தோட்டத்துக்கே போகணும். லயத்துல ஒத்த ரூம்ல இவரோட அண்ணன் குடும்பமே ஆறு பேரு இருக்காங்க. நாங்க எங்கிட்டுப் படுக்கிறது?"

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. "நான் கண்டதத்தானே சொன்ன, தங்கச்சி. மேட்ச்சில மூச்சு வாங்கினா..."

"தண்ணி குடிக்காம ஓடினா மூச்சு வாங்காதா?"

நான் விளங்காமல் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியவே தெரியாதா நானா? அந்த நாலு மேட்ச்சும் ஃபார்வர்ட் பசங்க யாருமே தண்ணி குடிக்கல. நீங்களும் டீம்ல இருக்கிற அஸ்ஃபர் தம்பியும் நோம்போட நிக்கிறப்ப உங்க முன்னால குடிக்கக் கூடாதுன்னு இவருதான் எல்லாருக்கும் சொன்னாரு. வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் கால் இழுத்துக்கிட்டுக் கெடப்பாரு. நான் எண்ணெ போட்டுத் தேச்சு விடுவேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

முதல் மேட்ச்சின் இடைவேளை ஞாபகத்துக்கு வந்தது. வட்டமாக நின்றிருந்தோம். போத்தல்கள் கைமாறின. நான் சும்மா, பகிடிக்கு, "குடிங்கடா குடிங்க, நானும் அஸ்ஃபரும் ஒங்கட வாயப் பாத்துட்டு நிக்கிறோம்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். யுகேஷ் மட்டும் வாய்க்குக் கொண்டுபோன போத்தலை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு ஃபார்வர்ட் பையன்கள் எல்லோரும் தலையில்தான் ஊற்றினார்கள். வெயிலுக்கு ஊற்றுகிறார்கள் என்று நினைத்தேன். வெறும் போத்தல்களைப் பார்த்த கோச், பையன்கள் நன்றாகக் குடிக்கிறார்கள் என்று நினைத்தார். நானும் அஸ்ஃபரும் சின்ன வயதிலிருந்தே நோன்பு பிடித்து, விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டு, நாள் முழுக்க உடம்பைப் பார்த்துக்கொண்டு நோன்போடு இறங்குகிறவர்கள். பழக்கம் இருக்கிறது. இவர்கள் காலையில் ஸ்டோர்ஸில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, தண்ணீரும் இல்லாமல் முட்டி மோதியிருக்கிறார்கள். என்னைக் கண்ணியப்படுத்த! நானோ அவர்களை ஆடு என்று சொல்லியிருக்கிறேன்.

"எழும்புங்க," என்றாள் ஷஹ்மா. "கூட்டத்துக்கு முந்திப் போங்க. எங்க போனாலும் கத்துவீங்கதானே? இண்டைக்குப் போய்க் கத்துங்க."

பக்கத்து வீட்டு த்ரீவீலரில் ஏறினோம். திகன தாண்டும்வரை பிரச்சினையில்லை. தென்னக்கும்புர பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நின்றுவிட்டன. லொறி, பஸ், கல்யாண வீட்டு வேன், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக. இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன். என் முழங்காலுக்கு அது முடியாத காரியம். சுபாஜினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, மற்றதை நான் பேசிக்கொள்கிறேன் என்று.

கிளப்புக்குப் போனபோது கூட்டம் தொடங்கியிருந்தது. சுபாஜினியைக் கேட்டில் நிற்கச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். கமிட்டி அறைக்கு வெளியே மர வாங்கில், உள்ளே கூப்பிடும்வரை காத்து, யுகேஷும் அஸ்ஃபரும் உட்கார்ந்திருந்தார்கள். யுகேஷ் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவ்வளவு நடந்த பிறகும் எழுந்து நின்றான். அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மேசையின் தலைப்பக்கத்தில் செயலாளர் இராமநாதன். நகைக்கடைக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். அவருக்குப் பக்கத்தில் கோச். அவர் சிங்களவர், ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே விளங்கும். மற்றவர்கள் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கள்.

யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நான் சொன்ன பகிடி, தலையில் ஊற்றிய தண்ணீர், பையன்கள் பட்ட பாடு. "யுகேஷில ஒரு பிழையுமில்ல சேர். வீடியோவில நான் சொன்னது பிழை. எழுதித் தரவா? சதீஸ்குமாரக் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லவா? என்ன செய்யச் சொன்னாலும் செய்றேன். அந்தப் பொடியன்ட வேலைய மட்டும் எடுத்துராதீங்க."

யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத எனக்கு, கெஞ்சும்போது குரல் எங்கெங்கோ போனது.

கோச் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். இது உண்மையென்றால் பருவம் பாழாய்ப் போனதற்கு நோன்புதான் காரணம். இரண்டு பேர் நோன்பு பிடித்ததால் மற்ற ஃபார்வர்ட்கள் யாரும் குடிக்கவில்லை. அப்படியானால் அடுத்த பருவத்திலிருந்து மேட்ச் நாளில் நோன்போடு யாரையும் இறக்க முடியாது. இது யாருக்கும் எதிரான பேச்சில்லை, அணிக்காகத்தான். மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின.

என் வாயை எப்படித் திறந்தாலும் யாரோ ஒருவனுடைய கழுத்துத்தான் போகிறது. கதவு திறந்தே கிடந்தது. அஸ்ஃபர் வாங்கின் நுனிக்கு வந்திருந்தான். அவன் இப்போதுதான் அணியில் இடம் பிடித்த பையன். ஒரு நோன்பைக்கூட விட மாட்டான்.

"யுகேஷைக் கூப்பிடுங்க," என்றார் இராமநாதன்.

யுகேஷ் வந்து கைகட்டி நின்றான்.

"தம்பி, ஷிஹாப் சொல்றது உண்மையா? மேட்ச்சில நீங்க தண்ணி குடிக்கலயா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவை திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு சொன்னான்.

"இல்லீங்க சேர். நல்லாத்தான் குடிச்சோம். எனக்குத்தான் இந்த வருஷம் ஸ்டெமினா இல்ல."

"பொய் சொல்றான் சேர்!" என்று கத்தினேன். "டேய், உண்மையச் சொல்லுடா! கீழ இவன்ட பொண்டாட்டி நிக்கிறா, அவட்ட கேளுங்க. மத்தப் பொடியன்மாரக் கூப்பிட்டுக் கேளுங்க!"

"ஷிஹாப்," என்றார் இராமநாதன். அவர் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கு ஒன்னு சொன்னீங்க. இன்னைக்கு ஒன்னு சொல்றீங்க. பையனே அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்றான். நாங்க வேற என்ன செய்ய முடியும்?"

யுகேஷின் பெயரை அங்கேயே வெட்டினார்கள். நோன்பைப் பற்றிய பேச்சும் அதோடு முடிந்தது. கோச் அஸ்ஃபரை உள்ளே கூப்பிட்டார்.

படியில் இறங்கும்போது யுகேஷின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். கோபத்தில் பிடித்தேனா, விழாமல் இருக்கப் பிடித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. "ஏன்டா? எனக்காகவா? நான்தான் போய்ட்டேனே. ஒன்ன ஊரெல்லாம் ஆடெண்டு சொல்ல வெச்சவன்டா நான்."

"உங்களுக்காக இல்ல நானா." அவன் கண் கலங்கியிருந்தது. "நான் ஆமான்னு சொன்னா அஸ்ஃபர் நோம்ப விடணும். இல்லாட்டி மேட்ச்ச விடணும். நாங்க குடிக்காம இருந்ததுக்கு அவன் என்ன பண்ணுவான்? நாங்களா இருந்தோம். யாரும் கேக்கலயே."

"ஒனக்கு வேல போச்சேடா."

"ஆமா," என்றான். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். "சுபாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. தாங்க மாட்டா. நானே வேணான்னு சொன்னேன்னு தெரிஞ்சா என்கூடவே இருக்க மாட்டா."

கேட்டடியில் சுபாஜினி எங்களைக் கண்டதும் ஓடி வந்தாள். கணவனை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சொன்னீங்களா நானா? எல்லாத்தையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

பக்கத்தில் யுகேஷ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். உண்மை என் தொண்டைவரை வந்து நின்றது. இவ்வளவு காலம் அதை நான் எங்கும் அடக்கியதில்லை.

"நம்பல," என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்புடி நம்புவாங்க?" என்றாள். "அன்னைக்கு அப்புடிப் பேசினதும் இதே வாய்தானே?"

யுகேஷ் நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தான். நான் அவன் கையைப் பிடித்து இறுக்கினேன்.

"ஆமா தங்கச்சி," என்றேன். "இதே வாய்தான்."